ஒரு பிரதி போதாது

பழைய பயண நூல்களையும் வரலாற்று நூல்களையும் தேடி அலைந்து சேர்ப்பவர்களைப் பற்றிப் படித்தவர்களிடையே இன்று வேரூன்றியிருக்கும் கருத்து, அந்த உழைப்புக்கு இனிப் பொருளில்லை என்பதாகும். நூற்றாண்டுப் பழமையுள்ள நூல்களில் மிகப் பெரும்பாலானவை பதிப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன. 2004ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் பெரும் நூலகங்களின் இருப்பைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவற்றுள் பல எவரும் செலவின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. மூலப் பிரதிகளையோ அரசு நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் காத்துவருகின்றன. ஆகவே பூச்சியரித்த தாளுக்கும் உதிரும் தோலட்டைக்கும் ஒருவர் பெரும்பணம் கொடுப்பது அறிவுத்தேட்டம் ஆகாது, பெருமைக்குப் பொருள் குவிக்கும் பழக்கமே என்று இவ்வாதம் முடிகிறது. கேட்பதற்குச் சிக்கனமும் சமத்துவமும் கலந்த வாதமாகவே தோன்றும் இதனை நூலகர்கள் சிலரே ஏற்றுப் பேசுவதும் உண்டு. ஆயினும் இது, நூல் என்பது எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு பிழைத்து வந்தது என்னும் இரண்டையும் அறியாதவர்களால் மட்டுமே சொல்லக்கூடிய வாதம்.

ஒரு பதிப்பின் பிரதிகள் அனைத்தும் ஒன்றே, அவற்றுள் ஒன்றைப் படமெடுத்தால் பதிப்பையே படமெடுத்ததாகும் என்னும் ஊகம் இவ்வாதத்தின் உயிர்நிலை. நீராவி இயந்திரம் அச்சகத்துக்குள் நுழைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன், கையால் இயக்கும் அச்சில் உருவான நூல்களைப் பொறுத்தவரை இந்த ஊகம் முற்றிலும் பொய். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்டால் இயந்திரத்தை நிறுத்தி எழுத்தைத் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டுவார்கள். திருத்துவதற்கு முன் அடித்த தாள்களைத் தூக்கி எறியமாட்டார்கள், ஏனெனில் அச்சிடும் செலவில் தாளின் விலையே பெரும்பங்கு. திருந்திய தாளும் திருந்தாத தாளும் கலந்தே கட்டுக்குப் போகும். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோல்ஜர், 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி 82 வரை சேர்த்தபோது, ஒரே நூலை எண்பது முறை வாங்குவானேன் என்னும் வியப்பு எழுவது இயல்பே. ஆனால் அப்பிரதிகளுள் பலவற்றை ஓரிடத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட சார்ல்டன் ஹின்மன், 1963இல் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தொகுதி அச்சகத்தில் எந்த வரிசையில், எத்தனை எழுத்துக்கோப்பவர்களின் கைகளில் உருவானது என்பதை மீட்டுக் காட்டினார். அந்த 82இல் 81ஐ வேண்டாதவை என்று ஒதுக்கியிருந்தால் அந்த ஆய்வு நடந்தே இருக்காது.

பயண நூல்களுக்கு வந்தால் இந்த உண்மை இன்னும் கூர்மையடைகிறது. அங்கே பிரதிக்குப் பிரதி மாறுவது எழுத்துப்பிழை மட்டுமன்று, அரசியலும் மாறுகிறது. ஆங்கிலேயரின் கடற்பயணங்களையும் தரைவழிப் பயணங்களையும் திரட்டி ரிச்சர்ட் ஹக்லூயிட் வெளியிட்ட பெருந்தொகுப்பு இதற்கு மிகச் சிறந்த சான்று. 1589இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பில், 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்த பிரான்சிஸ் டிரேக்கின் பயண விவரம் பக்க எண்ணே இல்லாத ஆறு தாள்களாக அச்சிடப்பட்டு, 643ஆம் பக்கத்தை அடுத்து இடைச்செருகலாகக் கட்டப்பட்டுள்ளது. சில பிரதிகளில் அத்தாள்கள் இல்லவே இல்லை. ஸ்பெயினின் கப்பல்களையும் துறைமுகங்களையும் சூறையாடித் திரும்பிய அந்தப் பயணத்தின் விவரம் ஆண்டுக்கணக்கில் வெளிவராமலிருந்து, பின்னர் எண்ணில்லாத தாள்களில் வந்து சேர்ந்ததை நூலின் உடம்பே காட்டிக்கொடுக்கிறது. அதே பதிப்பில், ரஷ்யாவுக்குத் தூது சென்ற ஜெரோம் போவ்ஸின் பகுதி இரு வேறு வடிவங்களில் கிடைக்கிறது. முதலில் அச்சிட்டதை எடுத்துவிட்டு மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். எந்த வடிவம் ஒருவர் கைக்கு வருகிறது என்பது அவர் திறக்கும் பிரதியைப் பொறுத்தது.

1598 முதல் 1600 வரை மூன்று தொகுதிகளாக விரிந்த இரண்டாம் பதிப்பின் கதை இதைவிடச் சுவையானது. முதல் தொகுதி, 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தை ஆங்கிலேயர் தாக்கி வென்ற செய்தியைத் தலைப்புப் பக்கத்திலேயே பறைசாற்றிக்கொண்டு 1598ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அத்தாக்குதலின் தலைவர்களுள் ஒருவரான எசெக்ஸ் பிரபு 1599இல் எலிசபெத் அரசியின் சினத்துக்கு ஆளானார். அத்தொகுதியின் தலைப்புப் பக்கம் 1599 என்னும் ஆண்டோடு, காடிஸ் பற்றிய சொற்கள் நீக்கப்பட்டுப் புதிதாக அச்சாயிற்று. தொகுதியின் கடைசியில் இருந்த காடிஸ் பகுதி பல பிரதிகளிலிருந்து அகற்றப்பட்டது. இவ்விரண்டையும் எசெக்ஸின் வீழ்ச்சியோடு இணைத்துப் பார்ப்பதே ஆய்வாளர் வழக்கு. குறைபட்ட பிரதிகளை நிறைவு செய்வதற்காக அந்தப் பக்கங்கள் பிற்காலத்தில் மறு அச்சாக உருவாக்கப்பட்டுச் செருகப்பட்டதும் உண்டு. ஆகவே இன்று ஒருவர் கையில் எடுக்கும் பிரதி 1598ஆம் ஆண்டின் தலைப்போடு இருக்கலாம், 1599ஆம் ஆண்டின் தலைப்போடு இருக்கலாம். காடிஸ் பகுதி மூலத்தாளாக இருக்கலாம், பின்னாளில் ஒட்டியதாக இருக்கலாம், இல்லாமலே போகலாம். இவற்றுள் எந்த ஒன்றைப் படமெடுத்து வைத்தாலும், அரசவைச் சினம் ஒரு நூலுக்குள் புகுந்து என்ன செய்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. பிரதிகளை அருகருகே வைத்தால்தான் தெரியும். தாளின் வகையையும், ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும், அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் ஆலை அடையாளத்தையும், விரலாலும் கண்ணாலும் சோதித்தால்தான் பிற்கால ஒட்டு வெளிப்படும். இந்த வேறுபாடுகளைக் குறித்து வைத்தவர்களுள் நூல் வணிகர்களும் சேர்ப்பாளர்களும் உண்டு. காடிஸ் தாள் இருக்கிறதா, டிரேக் தாள் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு விலை பேசியவர்களின் பேராசைக்கும் இந்த அறிவில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே இரண்டாம் பதிப்போடு சேர்ந்த உலக வரைபடம் ஒன்று உண்டு. கணித அறிஞர் எட்வர்ட் ரைட்டின் கணக்கைக் கொண்டு, உருண்டையான புவியைத் தட்டைத் தாளில் மாலுமிக்குப் பயன்படும்படி விரித்துக் காட்டும் அந்த வரைபடம் எஞ்சியுள்ள பிரதிகளில் மிகச் சிலவற்றில்தான் இருக்கிறது. பழம்பயண நூல்களின் மடிப்பு வரைபடங்கள் அனைத்துக்கும் நேர்ந்திருக்கும் அவலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பெருந்திரளாகப் படமெடுக்கும் பணியில் பக்கம் புரட்டுபவர், நூலுக்குள் மடித்து வைத்த வரைபடத்தை விரிக்க நேரமில்லாமல் மடிப்போடே படமெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். இணையத்தில் கிடைக்கும் எண்ணற்ற பயண நூல்களில் வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் மடித்த வெள்ளைத் தாளின் முதுகே தெரிகிறது. வரைபடம் இல்லாத பயண நூல் கண் இல்லாத வழிகாட்டி. 1938இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் தொடங்கிய நுண்படச் சுருள் முயற்சியின் வழியாக வந்த பழைய ஆங்கில நூல்களின் படங்களோ கறுப்பும் வெளுப்பும் மட்டுமே கொண்டவை; வண்ணம் தீட்டிய வரைபடத்தையும் மங்கிய மையால் எழுதிய ஓரக்குறிப்பையும் அவை விழுங்கிவிடுகின்றன.

இதெல்லாம் தொலைதூரத்து ஆங்கிலேயரின் கவலை என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட முடியாது. வெனிஸ் வணிகர் சேசரே ஃபெதெரிச்சி நாகப்பட்டினத்தையும் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமையும் கண்டு எழுதிய நூல் 1587இல் இத்தாலிய மொழியில் வெளிவந்து, மறு ஆண்டே ஆங்கிலமாகி, பின் ஹக்லூயிட்டின் இரண்டாம் பதிப்புக்குள் இடம்பெற்றது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகில் சாந்தோம் கரையின் அலைகளைக் கடந்து மக்களும் சரக்கும் இறங்கியதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். அவ்வாறு தைத்துச் செய்யும் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகு பற்றிப் பேசும் எவரும் அந்த மூன்று நூல்களுக்கும் இடையே விவரம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பார்க்கக் கடமைப்பட்டவர். அதற்கு இத்தாலிய மூலமும், தனி ஆங்கில நூலும், தொகுப்பும் என மூன்றும் தேவைப்படும்.

அச்சிட்ட எழுத்துக்கு வெளியே, படித்தவர் கையால் எழுதியவை வேறொரு உலகம். செவில் நகரின் கொலம்பினா நூலகத்தில், கொலம்பஸின் உடைமையாக இருந்த மார்கோ போலோ பயண நூலின் லத்தீன் அச்சுப் பிரதி இருக்கிறது. அதன் ஓரங்களில் நூற்றுக்கணக்கான கைக்குறிப்புகள். அந்நூல் 1492க்கு முன்பே அவர் கையில் இருந்ததா, அல்லது 1497–98 குளிர்காலத்தில் ஜான் டே என்னும் ஆங்கில வணிகர் எழுதிய கடிதம் குறிப்பிடுவதுபோல் பின்னரே வந்து சேர்ந்ததா என்னும் வழக்கு, கொலம்பஸ் எதைத் தேடிப் புறப்பட்டார் என்னும் பெரிய வினாவோடு பின்னிக் கிடக்கிறது. இந்தப் பிரதி பிழைத்ததற்குக் காரணம் அவருடைய மகன் எர்னான்டோ கொலோன் நூல் சேர்ப்பதில் பித்துக்கொண்டவர் என்பதே. சுமார் 15,000 நூல்களைச் சேர்த்த அவர், தாம் வாங்கிய நூலில் எந்த ஊரில், எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கினார் என்பதைத் தம் கையால் குறித்து வைக்கும் பழக்கம் உடையவர். வெனிஸில் வாங்கி அனுப்பிய நூல்கள் 1522இல் கப்பலோடு மூழ்கியபோது, மூழ்கியவற்றுக்கும் அவரிடம் பட்டியல் இருந்தது. அவருடைய நூல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே எஞ்சியிருக்கிறது. ஆயினும் அவர் ஆட்களை வைத்துத் தயாரித்த நூற்சுருக்கங்களின் பெருந்தொகுதி கோபன்ஹேகனில் உள்ள கையெழுத்துச் சுவடித் தொகுப்பு ஒன்றில் அடையாளம் காணப்பட்ட செய்தி 2019இல் வெளியானபோது, இன்று எங்குமே பிரதி இல்லாத நூல்களின் உள்ளடக்கம்கூட அதில் கிடைத்தது.

கொலம்பஸின் பிரதியைத்தான் படமெடுத்துவிட்டார்களே என்று எதிர்த்தரப்பு இங்கே சொல்லலாம். எடுத்தார்கள், அது கொலம்பஸுடையது என்பதால் எடுத்தார்கள். 1859இல் லண்டனில் முர்ரே பதிப்பகம் வெளியிட்ட ஈஸ்ட்விக்கின் சென்னை மாகாண வழிகாட்டியை வாங்கி, அதன் ஓரத்தில் இந்தப் பாலம் உடைந்துவிட்டது என்றோ இந்த விடுதியில் தண்ணீர் கிடையாது என்றோ எழுதிவைக்கும் பெயரில்லாத ஒரு பயணியின் பிரதியை எவரும் தனியே படமெடுக்கப் போவதில்லை. பட்டியலில் அந்த நூலுக்கு நேரே ஏற்கெனவே ஒரு குறி விழுந்துவிட்டதால், அப்படிப்பட்ட பிரதி மிகைப்பிரதி என்னும் முத்திரையோடு கழிக்கப்படும்.

எதைக் காக்கவேண்டும் என்பது நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தெரிந்திருந்தது என்பதும் நடந்த வரலாற்றுக்கு நேர்மாறானது. சிட்னியில் வாழ்ந்த டேவிட் ஸ்காட் மிட்செல், ஆஸ்திரேலியாவையும் பசிபிக் தீவுகளையும் பற்றிய எந்தத் தாளையும் விடாமல் சேர்த்தார். தம் நாடு கைதிகளின் குடியேற்றமாகத் தொடங்கியது என்பதை மறக்க விரும்பிய ஒரு சமூகத்தின் நடுவே, கைதிகள் காலத்து ஆவணங்களையும் அவர் வாங்கினார். 1907இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 61,000 உருப்படிகளும் 70,000 பவுண்டு நிதியும் பொது நூலகத்துக்குச் சென்றன. 1910இல் மிட்செல் நூலகம் திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் வரலாற்றை எழுதுபவர் எவரும் அதன் படியேறாமல் எழுத முடியாது. இத்தனைக்கும் அவர் ஆய்வாளர் அல்லர், எழுத்தாளரும் அல்லர்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான சான்றைத் தேடிச் செட்டிநாட்டுக் கோட்டையூரைத் தாண்ட வேண்டியதில்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பு என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைத் தம் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஆய்வு நூலகமாக்கியது. இன்று அந்த நூலகத்தின் படப்பதிவுகளைப் பயன்படுத்திக்கொண்டே, சேர்ப்பவர்கள் தேவையில்லை என்று வாதாடுகிறவர்களின் துணிவு வியக்கத்தக்கது. அதே கோட்டையூரில் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். உலகெங்கும் அலைந்து காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுத்த அவர், தாம் நடத்திய குமரி மலர் இதழில் பழைய ஏடுகளிலிருந்து மறந்துபோன கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடியும் அச்சிட்டுவந்தார். தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்தவர்கள் எழுதிய பழங்கட்டுரைகளைத் தனித் தொகுப்பாகவும் பதிப்பித்தார். பழைய இதழ்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்திராவிட்டால் அவர் தேட ஒன்றும் இருந்திருக்காது. சென்னை உச்சநீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஏனுகுல வீராசாமி 1830–31இல் காசிக்குப் போய்வந்து தெலுங்கில் எழுதிய நாட்குறிப்பும் அவ்வாறே. 1838இல் சென்னையில் அச்சாகி, 1869இல் மறுபடி அச்சாகி, பின் நீண்டகாலம் கிடந்த அந்நூலைத் திகவல்லி வேங்கட சிவராவ் 1941இல் பதிப்பித்துக் கொடுத்ததும் பழம்பிரதிகள் எஞ்சியிருந்ததால்தான்.

இனி, நூலகத்துக்குள் போனது பத்திரம் என்னும் நம்பிக்கை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் 2005இல் பிடிபட்ட வரைபட வணிகர் ஒருவர், பல நூலகங்களின் பழம்பயண நூல்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். நேப்பிள்ஸ் நகரின் ஜிரோலமினி நூலகத்தைச் சூறையாடிய குற்றத்துக்காக 2012இல் கைதானவர் அந்நூலகத்தின் இயக்குநரே. நுண்படம் இருக்கிறது என்று சொல்லி 1999இல் பிரிட்டிஷ் நூலகம் கழித்துக்கட்டிய அமெரிக்க நாளிதழ் அடுக்குகளை நிக்கல்சன் பேக்கர் என்னும் எழுத்தாளர் தம் பொறுப்பில் வாங்கிக் காத்தார். 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. இவற்றைச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விட இயலாது. 1981ஆம் ஆண்டு மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் நாள் வரை எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரு மக்களின் நினைவு ஒரே கூரையின் கீழ் இருந்தால், தீக்குச்சி பிடித்த கைக்கு அது எளிய இலக்கு. எரிந்தவற்றுள் எவற்றுக்கெல்லாம் வேறெங்காவது ஒரு பிரதி இருந்ததோ அவை மட்டுமே மீட்கத்தக்கவை. பல வீடுகளில் சிதறிக் கிடக்கும் பிரதிகளை வீண் என்று இகழ்பவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் ஆயுதங்களுள் உண்மையிலேயே கூர்மையானது ஒன்று உண்டு. பழம்பயண நூல்கள் பெரும்பாலும் பேரரசுகளின் கண்ணால் எழுதப்பட்டவை. அவற்றைப் பொன்போல் போற்றிச் சேர்ப்பது அந்தக் கண்ணோட்டத்துக்கே கோயில் கட்டுவதாகும் என்பது அது. நூல்களின் இயல்பைப் பற்றிய முதற்பாதி சரி. அதிலிருந்து பெறும் முடிவு தலைகீழ். கேப்டன் குக்கின் முதற்பயண விவரத்தை 1773இல் பதிப்பித்த ஜான் ஹாக்ஸ்வொர்த், குக்கின் வாயாலேயே பேசுவதுபோல் தம்முடைய சொந்தச் சிந்தனைகளையும் கலந்து எழுதினார். ஐரோப்பா முழுவதும் தென்கடல் தீவு மக்களைப் பற்றிக் கொண்ட எண்ணத்தில் அந்நூலுக்குப் பெரும்பங்குண்டு. அந்தக் கலப்படத்தை நிறுவ ஒரே வழி, குக் தம் கையால் எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிடுவது. அந்த நாட்குறிப்பு எங்கே இருந்தது? மிடில்ஸ்பரோ நகரின் இரும்பாலை முதலாளி ஹென்றி போல்கோவ், குக் பிறந்த மார்ட்டன் ஊரில் தமக்கு மாளிகை இருந்த பெருமையில் அதை 1868இல் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1923இல் ஏலத்தில் ஆஸ்திரேலிய அரசு 5,000 பவுண்டு கொடுத்து எடுத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றாசிரியர் பீகிள்ஹோல் 1955இல் ஆய்வுப் பதிப்பு வெளியிட்டார். போல்கோவின் நோக்கம் பெருமை தேடுவதாகவே இருந்திருக்கலாம்; ஆயினும் ஹாக்ஸ்வொர்த்தின் கலப்படத்தை அம்பலப்படுத்திய சான்று அந்தப் பெருமையின் பெட்டிக்குள்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் பாதுகாப்பாக இருந்தது.

சேர்ப்பாளர்கள் எல்லாரும் இவ்வாறு பயன்பட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நூலைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே சட்டமிட்டு விற்கும் கொடுமை இன்றும் தொடர்கிறது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரை, தஞ்சை உட்பட இந்தியா முழுவதும் சுற்றி வரைந்து, 1795 முதல் 1808 வரை 144 வண்ணப் படங்களாக வெளியிட்ட பெருந்தொகுதி, படத்துக்குப் படம் விற்றால் லாபம் என்பதால் பலமுறை உடைக்கப்பட்டிருக்கிறது. அறைச் சுவரில் தொங்கும் தனிப்படம் எந்தத் தொகுதியின் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை இழந்துவிடுகிறது. வாங்கியதை எவருக்கும் காட்டாமல், பட்டியலும் எழுதாமல் வைத்திருந்து இறந்துபோகிறவரும் அதே வகைத் தீங்கையே செய்கிறார். பழைய கட்டைக் கிழித்துப் பளபளப்பான புதுக்கட்டு போடுபவரோ முந்திய உடைமையாளரின் கையெழுத்தையும் சேர்த்தே கிழிக்கிறார். எர்னான்டோ கொலோன் ஐந்நூறு ஆண்டுக்கு முன் செய்ததுபோல் வாங்கிய இடமும் நாளும் விலையும் குறிக்கக்கூட மனமில்லாதவர்கள் மேல் இக்கட்டுரைக்கும் பரிவில்லை. ஆனால் நூலை உடைப்பவர்களுக்கு எதிராக இதுவரை நின்றவர்கள், படம் குறையாத முழுப் பிரதிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காத சேர்ப்பாளர்களே.

நூல் சேர்ப்பது செல்வர் விளையாட்டு என்னும் குறைகூறலும் பயண நூல்களின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஹக்லூயிட்டை எட்டிப் பிடிப்பது சாதாரணச் சம்பளக்காரரால் ஆகாது. 1914இல் லைப்சிக் நகரில் வெளிவந்த பேடெக்கரின் இந்திய வழிகாட்டிக்கும் இன்று நல்ல விலை. ஆயினும் வழிகாட்டி நூல் என்னும் இனத்தின் விதி, புதுப்பதிப்பு வந்த நாளே பழையது குப்பையாவது. நூலகங்களும் அப்படியே கழித்துவிடுகின்றன. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1900இல் வெளியிட்ட படவழிகாட்டியையும் அதன் பிற்காலப் பதிப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த நிலையத்தில் எந்த வண்டி வசதி இருந்தது, எந்த ஊரில் எப்படிப்பட்ட தங்குமிடம், எந்தச் சத்திரம், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்பவை பதிப்புக்குப் பதிப்பு மாறுவது புலப்படும். அதனினும் மலிவான கால அட்டவணைகள், தலயாத்திரைக் கையேடுகள், திருவிழாச் சிறப்பு ரயில் அறிவிப்புகள் ஆகியவற்றை 1985இல் எரியும்வரை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் சில்லறைக் காசுக்கு வாங்கியிருக்கலாம். இன்றும் பழைய காகிதக் கடைகளில் எடைக்குப் போகும் கட்டுகளுக்குள் அவை வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எந்த ஆண்டுப் பதிப்புகள் எஞ்சியுள்ளன என்பதற்குப் பட்டியல் ஒன்றைத் தொடங்குவதற்கு ஏலக்கூடத்து விலையும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் இசைவும் வேண்டாம்.